கேஸ் உள்ள வீடு

என் அம்மா சாகும்வரை ஒருநாள்கூடக் கேஸ் அடுப்பில் சமைத்ததில்லை. ஆனால் அரசாங்கத்தின் கணக்கில் எங்கள் வீடு கேஸ் உள்ள வீடு. ரேஷன் கார்டில் ஊதா மையில் முத்திரையே குத்தியிருந்தார்கள். இது நடந்த விதத்தை எழுதி வைக்க வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதில் கெட்டவர் என்று யாரையும் கைகாட்ட முடியாது என்று தொடங்கலாமா என்று பார்த்தேன். முடியவில்லை, நான் இருக்கிறேனே.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பாவின் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாளக் கரைக்குச் சுக்கு, மிளகு வாங்கி விற்க வந்து அங்கேயே தங்கிப்போனவர். மூன்று தலைமுறைக்குப் பிறகும் வீட்டுக்குள் தமிழ்தான். ஆனால் கோபம் வந்தால் எல்லோருக்கும் மலையாளம் வந்துவிடும்.

சமையல் அறக்கப்பொடி அடுப்பில். தோப்பும்படிப் பக்கத்து மர மில்களிலிருந்து சாக்கில் வரும் மரத்தூளைத்தான் அறக்கப்பொடி என்போம். அடியில் பக்கவாட்டில் ஓட்டை போட்ட ஒரு தகர டின்னை எடுத்து, நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, ஓட்டை வழியாக ஒரு உருட்டுக்கட்டையைச் செருகி, சுற்றிலும் பொடியைக் கொட்டி இடித்துக் கெட்டியாக்க வேண்டும். பிறகு பொடி சரியாமல் பாட்டிலையும் கட்டையையும் உருவ வேண்டும். அதற்கு ஒரு கைப்பக்குவம் வேண்டும், அம்மாவுக்கு அது இருந்தது. கீழே தீ வைத்தால் ஊதாமல் கிளறாமல் மூன்று மணி நேரம் நின்று எரியும். பொடி காய்ந்திருந்தால்தான் இந்தப் பெருமையெல்லாம். இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் மட்டாஞ்சேரியில் துணியே காயாது, பொடி எங்கே காயும்? ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை அது எரியாது, புகையும். ஒருமுறை பற்றவைத்தால் பாதியில் அணைக்கவும் முடியாது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் இருமிவிட்டு வருவாள். முன்னறையில் ஆண்கள் பேசிக்கொண்டிருந்தால் அவர்களுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாதாம்.

அந்த ஆண்கள் அப்பாவும் சித்தப்பாவும்தான். அப்பாவுக்குத் துறைமுகம் இருக்கும் ஐலண்டில் ஒரு வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனியில் குமாஸ்தா வேலை. தினமும் காலையில் ஜெட்டியிலிருந்து போட் ஏறிப் போவார். யூனியனில் பொறுப்பில் இருந்தார். நாட்டின் எண்ணெயும் கேஸும் நாட்டுக்கே சொந்தமாக வேண்டும் என்பது அவருக்குக் கொள்கை என்பதைவிட பக்தி என்று சொல்லலாம். அவர் தம்பியான சித்தப்பாவுக்குப் பஜாரில் கயிறு வியாபாரம், அங்கே சொல்வதுபோலக் கச்சவடம். சர்க்கார் தொட்டது எதுவும் துலங்காது என்பது அவருடைய பக்தி. ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா வந்தாரென்றால் மதியச் சாப்பாடுவரை இதே சண்டைதான்.

"பூமிக்கடியில கெடக்குறது ஒருத்தன் அப்பன் வீட்டுச் சொத்தாடே? சர்க்கார் எடுத்தாத்தான் பாவப்பட்டவனுக்கும் கிட்டும்" என்பார் அப்பா.

"கிட்டும், கிட்டும். க்யூவில நின்னு முடி நரைச்ச பெறகு கிட்டும். கச்சவடத்த கச்சவடக்காரன்கிட்ட விடுங்கண்ணே. நாலு கம்பெனி போட்டி போட்டா அவனே வாசல்ல வந்து கெஞ்சுவான்" என்பார் சித்தப்பா.

நாட்டின் எரிபொருள் கொள்கையை அவர்கள் இப்படித் தீர்த்துவைக்கும்போது நாலு முறை சாயா போகும். அந்தச் சாயா எந்த அடுப்பிலிருந்து வருகிறது என்று இரண்டு பேரும் ஒருநாளும் எழுந்து வந்து பார்த்ததில்லை.

சித்தப்பா சொன்னதுபோல வாசலில் வந்து கெஞ்சியவனும் உண்டு. எழுபதுகளின் ஆரம்பம், நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் டை, கையில் குடையோடு கம்பெனி ஆள் ஒருவர் சந்தில் வீடு வீடாக ஏறி இறங்கினார். கூட ஒருவன் சிலிண்டரையும் அடுப்பையும் சுமந்து வந்தான். வெடித்துவிடும் என்று பயந்து பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அம்மா மட்டும் உள்ளே கூப்பிட்டாள். அவர் முன்னறைத் தரையில் அடுப்பை வைத்துப் பற்றவைத்துக் காட்டினார். அம்மா குத்தவைத்து உட்கார்ந்து, தானே குமிழைத் திருகினாள். அணைந்தது. பற்றவைக்கச் சொன்னாள், மறுபடியும் அணைத்தாள். நாலைந்து முறை இப்படிச் செய்தாள்.

"வேண்டாம்னா அணைக்கவும் செய்யலாமா!" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நீல நிறத் தீயையோ புகை இல்லாததையோ பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் அப்பா வந்ததும் கேட்டாள். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "ரெண்டு வருசம் பொறு. கம்பெனி நம்ம சர்க்காருக்கு ஆகும். அப்போ எடுக்கலாம். வெள்ளக்கார சாயிப்புக்கு லாபம் உண்டாக்கிக் குடுக்க நான் தயாரில்ல" என்றார். மாதா மாதம் அதே சாயிப்பிடம் சம்பளம் வாங்குகிறோமே என்பது அவருக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்குத் தோன்றியிருக்கும், சொல்லவில்லை. சித்தப்பா வீட்டில் அந்த வாரமே எடுத்துவிட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில் அப்பா சொன்னது நடந்தது. கம்பெனி அரசாங்கத்துக்கு வந்தது. அன்று அவர் ஒரு பெட்டி ஜிலேபியோடு போட் இறங்கினார். சந்து முழுக்கக் கொடுத்தார், சித்தப்பா வாயில் தானே ஒன்றைத் திணித்தார். அத்தனை சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எல்லோரும் போன பிறகு அம்மா, "இனி எடுக்கலாமா?" என்று கேட்டாள். "பின்னே! நாளைக்கே பதியறேன்" என்றார்.

பதிந்தார். அதற்குள் ஊருக்கெல்லாம் பயம் தெளிந்து ஆசை வந்திருந்தது. கேஸ் போதவில்லை. ஏஜென்சிக்காரர் ஒரு துண்டுச் சீட்டில் வரிசை எண் எழுதிக் கொடுத்து, எப்போது கிடைக்கும் என்று தனக்கே தெரியாது என்று கையை விரித்தார். அப்பாவின் மேலதிகாரி ஒருவர், இங்கேயே வேலை பார்க்கிற ஆள் நீங்கள், ஒரு வார்த்தை சொன்னால் முன்னால் ஏற்றிவிடலாமே என்றாராம். அதையும் பெருமையாக வீட்டில் வந்து சொன்னார். "வரிசைன்னா எல்லாருக்கும் வரிசை. மத்தவன் பெண்டாட்டி இருமலையா?"

அவரை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. அப்படி ஒரு மனிதனுக்கு மகளாகப் பிறந்ததில் அப்போதும் எனக்கு ஒரு நிமிர்வு இருந்தது. ஆனால் அந்த நிமிர்வுக்காக இருமியது வேறொருத்தி.

வருடங்கள் ஓடின. ரேஷனில் வரும் மண்ணெண்ணெய் கொஞ்சம் கைகொடுத்தது. மழைக்காலத்தில் அம்மா அதைத் திரி ஸ்டவ்வில் ஊற்றி, காலைச் சாயாவையும் தோசையையும் முடித்துவிடுவாள். ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா கைவண்டியில் ஒரு சிலிண்டரையும் புது அடுப்பையும் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். கள்ளச்சந்தையில் வாங்கியது.

"அண்ணே, ஒண்ணும் பேசாண்டாம். மதினிக்கு மூச்சு இழுக்குது, தெருமுனை வரைக்கும் கேக்குது."

"கள்ளச் சாமான் எம் வீட்டுப் படி ஏறாது. திருப்பிக் கொண்டுபோ."

"கேஸுக்கு என்ன கள்ளமும் நல்லதும்? காசு குடுக்கிறவனுக்குச் சாமான். அதான் நியாயம்."

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். ஆண்கள் பேச்சில் அவள் தலையிட்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "அப்போ காசில்லாதவ என்ன செய்வா தம்பி?" என்றாள். அப்பா ஜெயித்த முகத்தோடு சிரித்தார். அவர் பக்கம் திரும்பி, "நீங்க சிரிக்காண்டாம். ஒங்க வரிசையிலயும் நான் இருமிக்கிட்டுத்தானே நிக்கேன்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள், அடுப்பில் சோறு இருந்தது. கைவண்டி வந்த வழியே திரும்பிப் போனது. மழையில் அது சந்து திரும்பும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எண்பதுகள் பிறந்த பிறகு எங்கள் எண் வந்தது. அதே மாதத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு எர்ணாகுளத்தில், எங்களைப்போலவே பழைய தமிழ்க் குடும்பம். மாப்பிள்ளைக்கு பேங்கில் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போகும்போது மாப்பிள்ளையின் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நகையெல்லாம் ஒங்க இஷ்டம். நாங்க ஒண்ணும் கேக்கல. ஒரு கேஸ் கனெக்‌ஷன் மட்டும் கூட வந்தா உபகாரமா இருக்கும். நாங்க பதிஞ்சா இனி எந்தக் காலத்துல கிட்டும்?"

அப்போது இது அதிசயமே இல்லை. பெண் பிறந்தவுடன் அவள் கல்யாணத்துக்கென்று கேஸுக்குப் பதிந்து வைத்த அப்பாக்கள் எங்கள் சந்திலேயே இருந்தார்கள். அப்பா மட்டும் கொதித்தார். சட்டப்படி ஒருவர் பெயரில் உள்ளதை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது, இது என்ன மாடா கன்றா என்று கத்தினார். அம்மா அவர் முடிக்கும்வரை காத்திருந்து, "குடுத்துரலாம். அவளாவது புகையில்லாம இருக்கட்டும். நமக்கு மறுபடி பதிஞ்சாப் போச்சு" என்றாள்.

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு வெட்கம், மரியாதை என்று பிற்காலத்தில் பல காரணங்களைக் கண்டுபிடித்தேன். உண்மை அது இல்லை. எனக்கு அந்த அடுப்பு வேண்டியிருந்தது. அம்மாவின் சிவந்த கண்களைப் பார்த்துப் பார்த்து, அந்தக் கண்கள் எனக்கு வந்துவிடக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே பயந்துகொண்டிருந்தவள் நான். அம்மா குடுத்துரலாம் என்றபோது எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

சிலிண்டர் வந்தது. ஏஜென்சி ஆள் மாட்டி, பற்றவைத்துச் சரிபார்த்தான். ரேஷன் கார்டை வாங்கி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. ஆனால் பெண்ணுக்கென்று எடுத்து வைத்த சாமானைத் தாய்வீட்டில் புழங்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். புடவையானாலும் பாத்திரமானாலும் புதுசு கலையாமல் போக வேண்டும். கேஸ் அடுப்புக்கும் அம்மா அதே சட்டத்தைப் போட்டாள். பொட்டு வைத்து, பழைய வேட்டியால் மூடி முன்னறை மூலையில் நிறுத்தினாள். அந்த ஒன்றரை மாதமும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அறக்கப்பொடி அடுப்பிலேயே சமைத்தாள். பதினைந்தடி தூரத்தில் கேஸ் நின்றுகொண்டிருந்தது. சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். நான் கல்யாணப் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

பெயர் மாற்ற முடியாது, முகவரி மாற்றலாம். அதற்கு அப்பா ஒரு வழி செய்ய வேண்டியிருந்தது. குடும்பத்தோடு எர்ணாகுளத்தில் இன்ன முகவரிக்குக் குடிபோகிறேன் என்று கேஸ் ஏஜென்சிக்கு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வரிசையில் ஒரு ஆளைத் தாண்டாதவர், அலுவலகப் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர், என் மாமியார் வீட்டு முகவரியைத் தன் முகவரி என்று எழுதினார். எழுதி முடித்து ஜெட்டிக்குப் போனவர் போட் ஏறாமல் வெகுநேரம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாராம். சித்தப்பாதான் பார்த்துவிட்டு வந்து சொன்னார், அன்று அவர் கேலி செய்யவில்லை.

கார்டில் விழுந்த முத்திரையும் அந்தக் கையெழுத்தும் சேர்ந்து என்ன செய்யும் என்று எங்களில் யாருக்கும் புரிந்திருக்கவில்லை. நான் புகுந்த வீட்டில் குமிழைத் திருகிச் சாயா போட்டுக்கொண்டிருந்தபோது, மட்டாஞ்சேரியில் ரேஷன் கடைக்காரர் முத்திரையைக் காட்டி, கேஸ் உள்ள வீட்டுக்கு மண்ணெண்ணெய் இல்லை என்றுவிட்டார். மறுபடி கேஸுக்குப் பதியவும் முடியாது, ஒரு கார்டுக்கு ஒன்றுதான். முத்திரையை எடுக்க வேண்டுமென்றால் வீட்டில் கேஸ் இல்லை என்று மனுக் கொடுக்க வேண்டும். கொடுத்தால், எழுதிக் கொடுத்தது பொய் என்று ஆகும். அப்பாவுக்கு அவமானம், எனக்கு வந்த கனெக்‌ஷனும் போய்விடும். ஆக, இருந்த திரி ஸ்டவ்வும் பரணுக்குப் போனது. விடிந்ததிலிருந்து அடையும்வரை புகைதான்.

அப்பா கடைசியில் தம்பியின் கடைக்குத் தானே நடந்து போய், "ஒரு கேன் மண்ணெண்ண கிட்டுமாடே?" என்று கேட்டார். சித்தப்பா கள்ளச்சந்தையில் வாங்கிக் கொடுத்தனுப்பினார். சில மாதம் கிடைத்தது. மழைக்காலத்தில், அது மிகவும் தேவைப்பட்ட நேரத்தில், எல்லோருக்கும் வேண்டியிருந்ததால், காசு கொடுத்தாலும் அவருக்கே கிடைக்கவில்லை. அவருடைய கச்சவடக்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

அடுத்த இடவப்பாதியில் நான் தலைப்பிரசவத்துக்கு மட்டாஞ்சேரி வந்தேன். பெற்றவளுக்கு நாற்பது நாள் வேது வைத்து வெந்நீர் ஊற்ற வேண்டும், பத்தியச் சமையல், மருந்து கிண்ட வேண்டும். டின் மாற்றி டின் எரிந்தது. ஈரப் பொடி. புகை உள்ளறைக்கு வந்து குழந்தை தும்மியது. "கதவச் சாத்திரும்மா, பிள்ளைக்கு ஆகாது" என்றேன். அம்மா வெளியே நின்று கதவை இழுத்துச் சாத்தினாள். நாற்பது நாளும் அந்தக் கதவு சாத்தியே இருந்தது. நான் இந்தப் பக்கம் குழந்தையோடு படுத்திருந்தேன், அவள் அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருந்தாள். எர்ணாகுளத்தில் என் மாமியார் கேஸில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்திருப்பார். கொஞ்ச நாளைக்கு அந்தச் சிலிண்டரை இங்கே கொண்டுவரலாமா என்று என் புருஷனிடம் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் குழந்தையைப் பார்க்க வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் கேட்கவில்லை.

நான் திரும்பிப் போன கொஞ்ச நாளில் அம்மாவுக்கு மூச்சு விட முடியாமல் ஆனது. என் புருஷன்தான் நண்பரின் காரை எடுத்துக்கொண்டு வந்து எர்ணாகுளத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நல்ல மனிதர், அம்மாவைக் கையைப் பிடித்துப் படியேற்றினார். டாக்டர் வயதானவர், பொறுமைசாலி. முதுகில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து மலையாளத்தில் கேட்டார்.

"வீட்டில் புகயுண்டோ? விறகா, அறக்கப்பொடியா?"

அப்பா என் புருஷனை ஒருமுறை பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இல்ல டாக்டர். கேஸாணு" என்றார்.

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஆமாம் என்று தலையசைத்தாள். பேச மூச்சில்லாதவள், அதற்காக இரண்டு முறை அசைத்தாள். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு அருகிலேயே நின்றிருந்தேன்.

"அது நன்னாயி" என்று டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டார். புகை இல்லாததால் பயமில்லை, மருந்து சாப்பிட்டுக்கொண்டு அடுக்களையில் சின்னச் சின்ன வேலையெல்லாம் செய்யலாம் என்று அனுப்பினார்.

அம்மா வீட்டுக்குப் போய் மருந்தும் சாப்பிட்டாள், சமையலும் செய்தாள். அடுத்த கர்க்கடகத்தில், அதாவது ஆடி மாதத்தில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. டாக்டரிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன், கிட்டத்தட்டக் கத்தினேன். சர்க்காருக்குப் பயந்தா, கையெழுத்துக்குப் பயந்தா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

"புகையின்னு சொன்னா, கேஸ எங்களுக்குத் தந்துதான் அத்தைக்கு இப்படி ஆச்சுன்னு மாப்பிள்ள நெனச்சிருவாரு. ஒனக்கு அங்க கொறச்சலாப் போயிரும். அவரு பக்கத்துல நிக்கும்போது நான் எப்படிச் சொல்லுவேன் மோளே?"

பிறகு, குரலில் கோபம் என்பதே இல்லாமல், "நீயும்தான் நின்னே" என்றார்.